மண்குதிரையின் ஆயுள்

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது தமிழர் வாயில் புழங்கும் பழமொழி. அது குதிரையே அல்ல, ஆற்றின் நடுவே மணல் குவிந்து நிற்கும் ‘மண்குதிர்’ என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அந்த விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் குதிர் குதிரையாக மாறி மக்கள் நாவில் நிலைத்துவிட்டது, ஊர் எல்லைதோறும் மண்குதிரை நின்ற நாடு இது என்பதால்தான். பழமொழி எந்தக் குதிரையைச் சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆற்றில் கரைவது சுடாத குதிரை. சூளையில் வெந்த குதிரை உடையும், கரையாது. வெந்த மண்ணின் மேல் கண்ணாடிபோல் மெருகு உருகிப் படிந்த குதிரை, ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் பச்சையும் தேன்நிறமும் மங்காமல் மேலே வரும். ஒரே மண்ணுக்கு மூன்று ஆயுள். மும்பையில் இந்த மூன்றும் ஒரு ரயில் பயணத்துக்குள் இருக்கின்றன. பச்சை மண்ணில் வனைந்து சில நாளில் கடலில் விடும் பிள்ளையார் ஒன்று. தாராவி கும்பார்வாடாவில் மெருகில்லாமல் சுட்டெடுக்கும் அகலும் பானையும் இன்னொன்று. மூன்றாவது, கருப்புக் குதிரை என்றே பொருள்படும் காலா கோடா பகுதியின் அருங்காட்சியகத்தில் ரத்தன் டாட்டா, தொராப் டாட்டா சகோதரர்கள் சேர்த்துவைத்துப் போன சீனப் பீங்கான். மெருகேறியது முன்னேறிய கலை, மெருகில்லாதது அதை எட்டாத கலை என்று இவற்றை ஒரு ஏணியில் அடுக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தவறு என்பதே என் வாதம். மெருகு என்பது, செய்த பொருள் எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்று ஒரு சமூகம் எடுக்கும் முடிவு. நம் குயவர்களின் முடிவு வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

சீனத்தில் மெருகேறிய விலங்குகள் ஹான் பேரரசுக் காலத்திலேயே (கி.மு. 206 – கி.பி. 220) கல்லறைக்குள் போகத் தொடங்கிவிட்டன. பச்சை மெருகு பூசிய நாய், கோழி, பன்றிக்கொட்டில் என்று ஒரு வீட்டுக்கு வேண்டியதெல்லாம் சிறு உருவமாக இறந்தவரோடு சென்றது. ஆனால் சீனக் குதிரை என்றதும் உலகம் இன்று நினைப்பது தாங் அரசர் காலத்துச் சான்சாய் குதிரையைத்தான். சான்சாய் என்றால் மூன்று நிறம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, சாங்கான், லுயோயாங் என்ற இரு தலைநகரங்களைச் சுற்றி அது செழித்தது. வெண்களிமண்ணை அச்சில் அழுத்தித் தலை, உடல், கால் என்று தனித்தனியாக எடுப்பார்கள். களிக்குழம்பால் அவற்றை ஒட்டி, ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒருமுறை சுடுவார்கள். பிறகு ஈயமும் படிகக்கல் பொடியும் கலந்த குழம்பைப் பூசி, அதைவிடக் குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். குழம்பில் செம்பு சேர்ந்தால் பச்சை, இரும்பு சேர்ந்தால் தேன்நிறம், கோபால்ட் சேர்ந்தால் நீலம். ஈயம் சேர்ந்த மெருகு சூட்டில் ஓடும். ஒரு நிறம் இன்னொன்றின் மேல் வழிந்து, குதிரையின் விலாவில் மழை இறங்கிய தடம்போல் கோடுகோடாக உறைந்துவிடும். அந்த வழிசலை ஒளிக்காமல் அதையே அழகாக வைத்துக்கொண்டது பெரிய துணிச்சல். மனித உருவங்களில் மட்டும் முகத்துக்கு மெருகு பூசாமல் விட்டார்கள். கண்ணும் உதடும் வழிந்துவிடக் கூடாதென்று அங்கே வெறும் வண்ணம் தீட்டினார்கள்.

இத்தனை உழைப்பும் ஒரு குழிக்குள் போகத்தான். எந்த அதிகாரியின் கல்லறைக்குள் எத்தனை உருவம் போகலாம் என்று அரசே கணக்கு வைத்திருந்தது. மூன்றாம் படிநிலையும் அதற்கு மேலும் இருந்தால் 90, ஐந்தாம் படி வரை 60, ஒன்பதாம் படி வரை 40. உருவங்களின் உயரத்துக்கும் அளவு இருந்தது. 741இல் இந்த எண்ணிக்கைகளை அரசு குறைத்தது. கணக்கு வைக்க வேண்டி வந்ததே மீறல் இருந்ததைக் காட்டும். இங்கே என் வாதத்துக்கு எதிராக ஒரு சாட்சி எழுந்து நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாங் ஷாவ் என்ற அதிகாரி அரசருக்கு ஒரு முறையீடு எழுதினார். பிரபுக்களும் அதிகாரிகளும் போட்டி போட்டுக்கொண்டு அடக்கம் செய்கிறார்கள், உயிருள்ளவைபோல் அலங்கரித்த ஆள் உருவமும் குதிரை உருவமும் வழிப்போக்கர் கண்ணைப் பறிக்கத்தான் பயன்படுகின்றன, அதில் மனமார்ந்த மரியாதை இல்லை என்பது அவர் குறை. அப்படியானால் மெருகு நிலைபேற்றுக்காக அல்ல, ஒருநாள் ஊர்வலப் பகட்டுக்காக என்று ஆகிவிடாதா? பகட்டு இருந்தது உண்மை. ஆனால் ஒருநாள் பகட்டுக்குக் காகிதமும் துணியும் வெறும் வண்ணமும் போதும். மெருகில்லாமல் வண்ணம் மட்டும் பூசிய உருவங்கள் தாங் கல்லறைகளில் ஏராளமாகவே கிடைக்கின்றன. தெருவில் அவையும் கண்ணைப் பறித்திருக்கும். அதற்கு மேலே போய் ஈயத்தையும் இரண்டாம் சூளையையும் செலவழித்தவர்கள் தெருவை மட்டும் நினைத்துச் செலவழிக்கவில்லை. மூடிய அறையின் ஈரத்திலும் அந்தக் குதிரை தன் எசமானனுக்கு வாடாமல் நிற்க வேண்டும் என்ற நினைப்பும் அதில் இருக்கிறது.

ஏன் குதிரை என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சீனத்தின் நடுநிலங்களில் நல்ல குதிரை வளராது. மேற்கே பெர்கானாவிலிருந்தும் வடக்கே துருக்கியரிடமிருந்தும் வாங்கியே படையை நிறுத்தினார்கள். ஏழாம் நூற்றாண்டின் நடுவில் அரசு மேய்ச்சல் நிலங்களில் குதிரைகள் ஏழு லட்சத்தைத் தாண்டின என்று அவர்களுடைய பதிவுகள் சொல்கின்றன. தமிழகத்தின் கதையும் இதேதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபு, பாரசீகக் குதிரைகளை இறக்குமதி செய்ததையும், வருடம் முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் வியப்போடு குறித்திருக்கிறார். இரண்டு நாட்டிலும் குதிரை அயல்நாட்டு விலங்கு, அரசனுக்கு மட்டும் எட்டும் செல்வம். இரண்டு நாட்டிலும் கையில் கிடைக்காத குதிரையை மண் தந்தது. சீனத்தில் அது செத்த அதிகாரியைச் சுமக்க நிலத்துக்குள் போனது. இங்கே அது ஊரைக் காக்க இரவில் வலம் வரும் அய்யனாருக்கு வாகனமாக எல்லையில் வெயிலிலும் மழையிலும் நின்றது. விசித்திரம் என்னவென்றால், மழையே படாத குதிரைக்கு மெருகு கிடைத்தது. மழையில் நனையும் குதிரைக்குக் கிடைக்கவில்லை. பாதுகாப்புத்தான் மெருகின் நோக்கம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அய்யனார் குதிரை எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் விடை தெரியும். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை வட்டாரங்களில் மண்குதிரை காணிக்கை வைக்கும் புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊர்க்காரர்கள் ஒரு கை மண்ணை எடுத்துக் குயவரான வேளாரிடம் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். அந்தப் பிடி மண் கைமாறிய பிறகுதான் வேலை தொடங்கும். களிமண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் மிதித்துக் கலந்து, உள்ளே கூடாகக் காலை உருட்டி நிறுத்தி, காயக் காய மேலே ஏற்றி, வயிறும் கழுத்தும் தலையும் கட்டுவார்கள். வறட்டியும் வைக்கோலும் விறகும் போட்டு மூடிச் சுடுவார்கள். சுட்ட பிறகு சுண்ணாம்பு அடித்து வண்ணம் தீட்டுவார்கள். வேளார் வீட்டிலிருந்து தோளில் தூக்கி ஊர்வலமாகக் கொண்டுபோய் அய்யனார் கோயிலில் இறக்கி வைத்து, கண் திறந்து, பூசை போடுவார்கள். பல ஊர்களில் பூசாரியும் வேளார்தான். செய்த கையே பூசையும் செய்யும். அதன் பிறகு அந்தக் குதிரையை யாரும் செப்பனிடுவதில்லை. வண்ணம் உதிரும், காது போகும், கால் ஒடியும், வேம்பின் வேர் வயிற்றைப் பிளக்கும். அடுத்த புரவி எடுப்பில் அதன் பக்கத்தில் புதுக்குதிரை நிற்கும். பழையது மண்ணாகும்வரை அங்கேயே கிடக்கும். காணிக்கையின் பலன் கொடுத்த நேரத்தில் நிறைவேறிவிட்டது. நிலைக்க வேண்டியது குதிரை அல்ல, பிடிமண் கைமாறும் உறவு. மெருகேறிய குதிரை ஒன்றை நிறுத்திவிட்டால் அடுத்த பிடிமண்ணுக்கு வேலை இல்லை.

இதெல்லாம் பின்னால் சேர்த்த தத்துவம், உண்மையில் நம்மவர்களுக்கு மெருகு போடத் தெரியாது என்று சொல்லலாம். இந்த மறுப்பைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைச் சான்றுகொண்டு சோதிக்க முடியும். மெருகு என்பது மண்மேல் ஒட்டிய கண்ணாடி. கண்ணாடியை உருக்கி மணி செய்யும் தொழில் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நடந்தது. அந்த மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை போயின. ஈயமும் செம்பும் உருக்கத் தெரிந்த கம்மியர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மெருகேறிய பொருளைக் கண்ணால் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சோழர் தூது 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றது. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. சீனாவின் குவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. போவதும் வருவதும் இருந்தது, பொருள் கையில் புழங்கியது. போதாததற்கு, மெருகு போட்ட தமிழ்க் குயவர்களே இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரையில் கரும்பச்சையும் பழுப்புமாக மெருகேறிய மண்பாண்டம் செய்யப்பட்டது. பம்பாயில் பணியாற்றிய ஜார்ஜ் பேர்ட்வுட் இந்தியக் கைத்தொழில்கள் பற்றி 1880இல் வெளியிட்ட நூலில் அதைப் பாராட்டியிருக்கிறார். வேலூர்ப் பக்கம் கரிகிரி மெருகுப் பாண்டத்துக்கே பெயர்போன ஊர்.

ஆக, தெரியாமல் விடவில்லை. தெரிந்து, இடம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். இதற்கு எந்த அருங்காட்சியகமும் வேண்டாம், ஒரு தமிழ்ச் சமையலறை போதும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, தண்ணீருக்கு மண்பானை. ஆவக்காயும் எலுமிச்சையும் உப்பில் ஊறி ஒரு வருடம் கெடாமல் இருக்க வேண்டும். அங்கே காலத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது, அதனால் மெருகு. பானைத் தண்ணீர் குளிர வேண்டுமானால் மண்ணின் நுண்துளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாக வேண்டும். அங்கே மெருகு பூசினால் பானையைக் கெடுத்ததாகிவிடும். பொங்கலுக்குப் புதுப்பானை, இழவுக்கு உடைக்கிற கலயம், கல்யாணத்துக்கு அரசாணிப்பானை என்று சடங்குக்கு வருகிற மண் எல்லாம் ஒருமுறைக்கானது. பழசானால் அதற்குச் சடங்கில் இடமில்லை. அய்யனார் குதிரை இந்தப் பானைகளின் உறவு, ஊறுகாய் ஜாடியின் உறவு அல்ல.

சூளையையும் விறகையும் வைத்து இன்னொரு மறுப்பு வரும். ஈய மெருகு உருக அசாத்தியச் சூடு வேண்டாம் என்றாலும், புகையும் சாம்பலும் படாத மூடிய சூளை வேண்டும். அடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. நெருப்பில் காற்றுக் குறைந்தால் ஈயம் கறுத்துவிடும். வைக்கோலும் வறட்டியும் போட்டு மூடும் நம் சூளை அதற்குத் தோதில்லை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூளை வானத்திலிருந்து விழுவதில்லை. வேண்டும் என்று நினைத்த மதுரைக்காரரும் கரிகிரிக்காரரும் தங்களுக்கு வேண்டிய சூளையைக் கட்டிக்கொண்டார்கள். இதைவிடக் கூர்மையான மறுப்பு கூலி பற்றியது. தாங் கைவினைஞருக்கு அரசும் பிரபுவும் பணம் போட்டார்கள். நம் குயவருக்கு ஊர் கொடுத்தது களத்து நெல். சாதிப்படியில் கீழே நிறுத்தி, அளந்து போட்டுவிட்டு, அவர் செய்ததில் நிலையாமைத் தத்துவம் காண்பது வறுமைக்குப் பூச்சூட்டுவது ஆகாதா? இந்தக் கேள்வியை நான் தட்டிவிட மாட்டேன். மெருகில்லாததற்குக் கூலியும் ஒரு காரணம்தான், குறிப்பாக அன்றாடப் பாண்டங்களில். ஆனால் அது முழுக் காரணம் என்றால், பணத்துக்குக் குறைவே இல்லாத கோயில்கள் வெண்கலத்தில் தெய்வம் வார்த்துக்கொண்டே மெருகேறிய மண்ணைத் தொடாமல் விட்டது ஏன் என்று சொல்ல வேண்டும். பணம் இருந்த இடத்திலும் நிலைக்க வேண்டியதற்குக் கல்லும் உலோகமும், நிலைக்க வேண்டாததற்கு மண் என்றே வகுத்திருந்தார்கள்.

இந்தப் பாகுபாடு மிகப் பழையது என்பதற்கு ஆதிச்சநல்லூர் சாட்சி. தாராவித் தமிழர்களில் பெரும்பகுதியினர் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் பிற வேலைகளுக்கும் வந்தவர்களின் வழியினர். அந்த மாவட்டத்தின் தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில்தான் முதுமக்கள் தாழிகள் வரிசையாகப் புதைந்திருந்தன. 1876இல் ஜெர்மானிய ஆய்வாளர் யாகோர் தோண்டினார். 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரே விரிவாக அகழ்ந்தார். சீனர்போலவே இங்கும் இறந்தவரோடு பொருள் வைத்தார்கள், பாண்டம் வைத்தார்கள், விலங்கு உருவமும் வைத்தார்கள். தாழியும் கருப்பு சிவப்புப் பாண்டங்களும் மெருகில்லாதவை; தேய்த்துத் தேய்த்து ஏற்றிய வழுவழுப்பு மட்டுமே அவற்றில் உண்டு. விலங்குகள் எங்கே இருக்கின்றன என்றால், வெண்கல மூடிகளின் மேல். எருமையும் மானும் புலியும் சேவலும் வெண்கலத்தில் நிற்கின்றன. மண்ணை எவ்வளவு நம்பலாம், உலோகத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கு அன்றைக்கே தீர்ந்திருந்தது. சீனர் கண்ணாடியைப் பூசி மண்ணையே உலோகத்தின் இடத்துக்கு உயர்த்தினார்கள். அது அவர்களுடைய பெருமை. இவர்கள் மண்ணை மண்ணாகவே விட்டார்கள்.

பம்பாய் இந்த இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் சந்தித்த நகரம். ஜம்செட்ஜி ஜீஜீபாய் 1799 முதல் சீனத்துக்குக் கப்பலேறி, பஞ்சும் அபினும் விற்றுப் பெரும்பணம் சேர்த்தார். சீன மக்களின் உடலை அழித்த வணிகத்திலிருந்து வந்த பணம் அது என்பதை மறக்க முடியாது. அந்தப் பணத்தில் ஒரு லட்ச ரூபாய் கொடையாக வந்து, அவர் பெயரிலேயே 1857இல் ஓவியப் பள்ளி தொடங்கியது. 1870களில் அதன் தலைமையில் இருந்த ஜார்ஜ் வில்கின்ஸ் டெரி, மெருகுப் பாண்டம் செய்யும் மரபு இருந்த சிந்துப் பகுதியிலிருந்து குயவர்களை வரவழைத்துப் பள்ளியில் மண்பாண்டப் பிரிவை நடத்தினார். நீலமும் பச்சையும் மஞ்சளுமாக, அஜந்தாச் சுவரோவியங்களின் உருவங்கள் ஏறிய பாத்திரங்கள் அங்கிருந்து ஐரோப்பியக் கண்காட்சிகளுக்குப் போயின. ‘வண்டர்லேண்ட் ஆர்ட் பாட்டரி’ என்ற பெயரோடு விற்ற அந்தப் பாத்திரங்கள் இன்று பைகுல்லாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் அழகாக இருக்கின்றன. ஆனால் பெட்டிக்கு வெளியே, மும்பையின் தெருவில், அந்தக் கைக்கு வாரிசு இல்லை. அதே காலத்தில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த கும்பார்கள் தெற்குப் பம்பாயில் பானை வனைந்துகொண்டிருந்தார்கள். கும்பார்வாடா என்ற தெருப்பெயர் அங்கே இன்னும் இருக்கிறது. சூளைப்புகை நகரத்துக்கு ஆகாது என்று வடக்கே தள்ளப்பட்டு, 1930களில் அவர்கள் தாராவிக்கு வந்து சேர்ந்தார்கள். கலைப்பள்ளியோ கண்காட்சியோ அவர்களைத் தேடி வரவில்லை. ஆனாலும் அவர்கள் சூளை இன்றும் எரிகிறது. அவர்கள் புறப்பட்டு வந்த குஜராத்துக்கு அடுத்த நிலம்தான் மெருகுக்குப் பெயர்போன சிந்து. அந்தக் குஜராத்தின் வடகிழக்கே போஷினாவில் பழங்குடிகள் மரத்தடியில் நேர்ந்து வைக்கும் மண்குதிரைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அவற்றுக்கும் மெருகு இல்லை. அய்யனார் குதிரையை அறிந்த தமிழரும் போஷினாக் குதிரையை அறிந்த குஜராத்தியரும் தாராவியில் அடுத்தடுத்த சந்துகளில் வாழ்கிறார்கள்.

தாங் குதிரையின் பின்கதையையும் சொல்ல வேண்டும். 755இல் ஆன் லூஷான் கலகம் வெடித்தது. தலைநகரங்கள் சூறையாடப்பட்டன, பிரபுக்கள் சிதறினார்கள், கல்லறைக்குப் பெருங்குதிரை செய்யச் சொல்வோர் குறைந்தார்கள். அந்தத் தொழில் சில தலைமுறைக்குள் ஒடுங்கி, ஆயிரம் ஆண்டுக்கு மேல் சீனரே அதை மறந்திருந்தார்கள். 1905க்குப் பிறகு லுயோயாங்குக்கு ரயில் பாதை போடுகையில் மாங்ஷான் குன்றில் கல்லறைகள் உடைந்து உருவங்கள் வெளிவந்தன. பிணத்தோடு கிடந்தது வீட்டுக்கு ஆகாது என்று அவற்றை உடைத்துப் போட்டவர்களும் உண்டு. பெய்ஜிங் பழம்பொருள் கடைகளில் பார்த்த லுவோ ஜென்யூ போன்ற அறிஞர்கள் மதிப்பை உணர்ந்து வாங்கத் தொடங்கிய பிறகே அவை கலை ஆயின. ஈய மெருகு சீனத்தில் செத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அது அரண்மனைக் கூரைக்கு ஏறியது. அந்தக் கடைகள் இருந்த லியூலிசாங் தெருவே மெருகோடு சுட்ட சூளையின் பெயரைத் தாங்கியது. கூரை முகட்டில் மழையில் நிற்கும் மெருகு விலங்குகள் என் தலைகீழ்க் கேள்விக்கு மறுப்பாகாதா? ஆகாது. அரண்மனையும் கல்லறைபோல் நிலைக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டியதுதான். ஆனால் குதிரை வனைந்த கை போனது போனதுதான். இன்று லுயோயாங் அருகே நான்ஷிஷான் கிராமத்தில் செய்யும் சான்சாய் குதிரைகள், கல்லறையிலிருந்து வந்த குதிரையைப் பார்த்துப் படித்து மீட்டெடுத்தவை. பொருள் தங்கியது, கை அறுந்தது. நம் ஊர் எல்லைகளில் ஐந்நூறு வருடப் பழைய மண்குதிரை ஒன்றைக் காட்டுவது அரிது. ஆனால் அதைச் செய்யும் வேளார் இருக்கிறார், அப்பாவிடம் பார்த்து, அப்பா அவருடைய அப்பாவிடம் பார்த்து.

இந்த ஆயுள்கணக்கின் நுணுக்கத்தை மும்பைத் தமிழர் வீடுகளிலேயே காணலாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில் மண்பொம்மைகள் ஒன்பது நாள் படியில் இருக்கும். மற்ற நாளெல்லாம் துணி சுற்றிப் பெட்டிக்குள், சீனக் குதிரைபோலவே இருட்டில். அவையும் சுட்டு வண்ணம் பூசியவைதான், மெருகேறியவை அல்ல. பாட்டியின் காலத்து மரப்பாச்சி மேல்படியில் இருக்க, ஆண்டுக்கு ஒரு புதுப்பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது வழக்கம். பழையதைக் காப்பதும் புதியதை அழைப்பதும் ஒரே சடங்குக்குள் இருக்கின்றன. கிங்ஸ் சர்க்கிளில் ஜி.எஸ்.பி. சேவா மண்டலின் பிள்ளையார் இன்றும் களிமண்ணில்தான் வருகிறார், தண்ணீரில்தான் போகிறார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் கரையாமல் கடற்கரையில் ஒதுங்கும்போது மும்பைக்கு மனம் பதறுவதற்குச் சுற்றுச்சூழல் மட்டும் காரணம் அல்ல என்று நான் நினைக்கிறேன். போக வேண்டியது போகாமல் கிடப்பதில் ஒரு சடங்குப் பிழை இருக்கிறது.

தமிழ்நாட்டில் அய்யனார் குதிரை இப்போது வேகமாகச் சிமெண்டுக்கு மாறிவருகிறது. கம்பி கட்டி, சிமெண்ட் பூசி, எனாமல் பெயிண்ட் அடித்துப் பளபளக்க நிறுத்துகிறார்கள். ஊருக்கு அது செல்வச் செழிப்பின் அடையாளம். குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் வருத்தம் இருக்கிறது. அந்தக் குதிரையை ஒருமுறை நிறுத்தினால் போதும். வேளாருக்குப் பிடிமண் கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.

தாராவியில் பிரச்சினை வேறு உருவத்தில் நிற்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது. தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்பது அறிவிப்பு. கும்பார்வாடாவில் வீடும் தொழிலும் தனித்தனி அல்ல. முன்னறையில் விற்பனை, உள்ளே சக்கரம், வெளி முற்றத்தில் நாலைந்து குடும்பம் முறைவைத்து எரிக்கும் சூளை. பஞ்சாலைக் கழிவும் துணிக்கழிவும் போட்டு எரிகிற அந்தச் சூளையின் புகை அங்கிருப்பவர்களின் நெஞ்சுக்குக் கெடுதல் என்பது உண்மை. அதற்கு மாற்று வேண்டும். ஆனால் மாற்று என்ற பெயரில் முற்றமே போய்விட்டால், தீபாவளிக்கு லட்சக்கணக்கில் அகல் வெளிவரும் இடம் மும்பைக்குள் இருக்காது. அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் களிமண் இறக்க முடியாது, ஆயிரம் அகலைக் காயவைக்க முடியாது. ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று நிலத்தை அளக்கும் கணக்கில் காயவைக்கும் வெயிலுக்கு ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும், சூளைக்கு இன்னொன்று. ஓர் இரவு எண்ணெய் குடித்துவிட்டு மறுநாள் குப்பைக்குப் போகும் அந்த அகல்களுக்காக, அடுத்த தீபாவளிக்கான மண் இப்போதே லாரியில் வந்து முற்றத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது.